திருகோணமலை வீட்டில் லைட் மினுங்கினால்: பிழையை நாமே தேடும் வழி

போன வாடைக் காலத்தில் எங்கள் விறாந்தை லைட் மினுங்கத் தொடங்கியது. பல்பை மாற்றினேன். இரண்டு நாள் நன்றாக எரிந்தது. மூன்றாம் நாள் மழை வந்ததும் பழையபடி மினுங்கல். இன்னொரு பல்ப் வாங்கினேன், பிறகு சுவிட்ச், அதன் பிறகு ஹோல்டர். ஒருவரைக் கூப்பிட்டேன். டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "கரண்ட் வருது அண்ணை, பல்ப்தான் சரியில்லை" என்று சொல்லிக் காசை வாங்கிக்கொண்டு போனார். அடுத்து வந்தவர் வீட்டு வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார். கடைசியில் பிழை கிடந்தது ஹோல் சீலிங்குக்கு மேலே, ஒரு சின்னப் பெட்டிக்குள். கண்டுபிடிக்க ஐந்து கிழமை, திருத்தப் பத்து நிமிடம்.

அந்த ஐந்து கிழமையை நீங்களும் இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். லைட் வயரிங்குக்கு மட்டும்தான் இது. குக்கர், ஏசி, தண்ணி மோட்டர் போன்றவற்றுக்குப் போகும் தடித்த வயர்களில் இதைப் பார்த்துக் கை வைக்காதீர்கள்.

1. முதலில் ஒரு தாளை எடுங்கள்

ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள். கொப்பித் தாள் ஒன்றில் வீட்டை மேலோட்டமாக வரைந்து, ஒவ்வொரு லைட்டும் பேனும் எந்த பிரேக்கரில் ஓடுகின்றன என்று குறியுங்கள். மெயின் பெட்டியில் ஒரு பிரேக்கரை இறக்கிவிட்டு, வீட்டைச் சுற்றி நடந்து எது அணைந்தது என்று பார்த்தால் போதும். அரை மணித்தியால வேலை. வீட்டில் ஒரு பிள்ளை இருந்தால் கத்திச் சொல்ல ஆள் கிடைத்துவிடும், கால் மணித்தியாலத்தில் முடியும்.

அந்தத் தாளின் கீழே மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். ஒரு லைட்டா, பல லைட்டா? எப்போதுமா, மழை நாளிலா, பேன் போடும்போதா? மினுங்கலா, மங்கலா, ஒரேயடியாக அணைவதா?

இதை நான் முதல் நாளே எழுதியிருந்தால் விறாந்தை, ஹோல், முன்னறை மூன்றும் சேர்ந்தே மங்குகின்றன என்பது தெரிந்திருக்கும். மூன்று பல்ப் ஒரே நேரத்தில் பழுதாகாது. நானோ விறாந்தையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் மாமி அங்கேதான் இருந்து பேப்பர் வாசிப்பார், முறைப்பாடு அவரிடமிருந்துதான் வரும்.

2. பிழை வீட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?

பக்கத்து வீட்டைக் கேளுங்கள். அவர்களுக்கும் மங்கலாக இருந்தால் பிழை லைனில். உங்கள் வீட்டில் மட்டும் எல்லா அறையிலும் வெளிச்சம் கூடிக் குறைந்தால், போஸ்டிலிருந்து மீற்றருக்கு வரும் வயரின் இணைப்புத் தளர்ந்திருக்கலாம். சில லைட் மங்க, வேறு சில வழமையைவிடப் பளிச்சென்று எரிந்தால், முக்கியமாக மூன்று பேஸ் வீடு என்றால், உடனே மெயினை இறக்குங்கள். நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர், விட்டுப்போன அடையாளம் அது. 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 300க்கு மேலும் ஏறி டிவி, பிரிட்ஜ் எல்லாவற்றையும் எரித்துவிடும்.

இந்த மூன்றுக்கும் மின்தடை முறைப்பாட்டு இலக்கமான 1987ஐ அழையுங்கள். கரண்ட் பில்லைக் கையில் வைத்திருங்கள், கணக்கு இலக்கம் கேட்பார்கள். அதை ஒரு துண்டில் எழுதி மெயின் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வைப்பது நல்லது. இருட்டில், மழையில் பில்லைத் தேடுவது ஒரு தனி வேதனை.

மீற்றரின் சீலை எந்தக் காரணத்துக்காகவும் உடைக்க வேண்டாம். அதுவரையிலான பகுதி அவர்களுடையது, சீல் உடைந்திருந்தால் மின் திருட்டுக் கணக்கில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டி வரும்.

3. கரண்டை உண்மையாகவே நிறுத்துவது

சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டு ஹோல்டரைக் கழற்றுவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. சில பழைய வீடுகளில் சுவிட்சை நியூட்ரல் வயரில் போட்டிருப்பார்கள். அப்போது லைட் அணைந்திருக்கும், ஆனால் ஹோல்டரில் கரண்ட் அப்படியே நிற்கும். பிரேக்கரை இறக்குங்கள், அதோடு மெயின் சுவிட்சையும் இறக்குங்கள். நாங்கள் தேடுவது லைட் பிழை, ஒரு மணித்தியாலம் பிரிட்ஜ் ஓடாவிட்டால் மீன் கெட்டுவிடாது.

அடுத்த பொறி புதியது. 2022 மின்வெட்டுக்குப் பிறகு பல வீடுகளில் இன்வேட்டர் வைத்திருக்கிறார்கள், சிலர் பற்றரியோடு சோலாரும் போட்டிருக்கிறார்கள். இன்வேட்டர் ஓடுவது பெரும்பாலும் லைட்டுக்கும் பேனுக்கும்தான். நீங்கள் மெயினை இறக்கியதும் அது "கரண்ட் போய்விட்டது" என்று நினைத்து, நீங்கள் கை வைக்கப் போகும் அதே வயருக்குக் கரண்டைக் கொடுக்கும். முதலில் இன்வேட்டரை அணையுங்கள், பிறகு மெயின்.

மெயினை இறக்கினாலும் மெயின் சுவிட்சுக்கு உள்ளே வரும் தடித்த வயர்களில் கரண்ட் நின்றுகொண்டுதான் இருக்கும். அதனால் பெட்டியின் மூடியைக் கழற்றும் வேலையை நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை.

இறக்கிய சுவிட்சின் மேல் டேப் ஒட்டி "வேலை நடக்குது" என்று எழுதுங்கள். வீட்டில் எல்லாருக்கும் வாயாலும் சொல்லுங்கள். காலில் காய்ந்த ரப்பர் செருப்பு, ஏறுவதற்கு மரத்தாலான ஏணி அல்லது ஸ்டூல். அலுமினிய ஏணி வேண்டாம், பிளாஸ்டிக் கதிரையும் வேண்டாம், அது வழுக்கும். வீட்டில் தனியாக இருக்கும்போது செய்யாதீர்கள். யாருக்காவது கரண்ட் அடித்தால் ஆளைத் தொடாமல் முதலில் மெயினை இறக்கி, 1990 அம்புலன்சைக் கூப்பிடத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

4. என்ன வாங்க வேண்டும், எவ்வளவு

டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் நான் வாங்கியவை: சாதாரண டிஜிட்டல் மல்டிமீற்றர் 1,900 ரூபா, டெஸ்டர் 250, வயர்களை இணைக்கும் கனெக்டர் பட்டி ஒன்று 180, இன்சுலேஷன் டேப் 120, பின் ஹோல்டர் (பல்பை அழுத்தித் திருப்பிப் பூட்டுவது) இரண்டு 400. பிளையரும் ஸ்க்ரூ டிரைவரும் வீட்டில் இருந்தன. மொத்தம் 2,850. வீணாக வாங்கிய மூன்று எல்.ஈ.டி பல்பையும் சுவிட்சையும் கூட்டினால் ஏறக்குறைய அதே காசு. விலை கடைக்குக் கடை மாறும்.

மல்டிமீற்றர் வாங்கும்போது வயரின் தொடர்ச்சியைப் பார்க்கும் "பீப்" சத்தம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இந்த வேலையில் முக்கால்வாசி அந்தச் சத்தத்தை வைத்துத்தான்.

வயர் துண்டு மாற்ற வேண்டி வந்தால், லைட்டுக்குக் கடையில் "ஒன்று, ஒன்று பதின்மூன்று" என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். 1.13 மி.மீ. விட்டமுள்ள ஒற்றைக் கம்பி, 1 சதுர மி.மீ. வயர். பழைய வயரில் சிவப்பு லைவ் (கரண்ட் வரும் வயர்), கறுப்பு நியூட்ரல், பச்சை ஏர்த் (நிலத்துக்குப் போகும் வயர்). புதியதில் மண்ணிறம் லைவ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது ஏர்த். இரண்டு காலத்து வயரும் ஒரே வீட்டில் கலந்து கிடப்பது இங்கே சாதாரணம்.

5. பல்பும் ஹோல்டரும்

எரிகிற லைட்டின் பல்பைக் கழற்றி எரியாத இடத்தில் பூட்டுங்கள். எரியாத பல்பை எரிகிற இடத்தில் பூட்டுங்கள். இரண்டு நிமிடத்தில் பல்பா இல்லையா என்று தெரிந்துவிடும். புதுப் பல்ப் வாங்க அவசரப்படத் தேவையில்லை.

பல்ப் நல்லது என்றால் மெயினை இறக்கி ஹோல்டரைப் பாருங்கள். பின் ஹோல்டரின் இரண்டு குமிழும் விரலால் அழுத்தினால் எழும்பி வர வேண்டும். கடற்கரைக்குக் கிட்டவுள்ள வீடுகளில், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கேட்கவே வேண்டாம், உப்புக் காற்றில் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்து அமுங்கியபடியே நின்றுவிடும். அதைச் சுரண்டிச் சரிப்படுத்த நினைக்காதீர்கள், மாற்றிவிடுங்கள். 200 ரூபா சாமான்.

முழுவதும் மூடிய கண்ணாடிக் கவருக்குள் எல்.ஈ.டி பல்ப் போட்டிருந்தால் அது சூட்டில் சீக்கிரம் போகும். அது வயரிங் பிழை இல்லை.

6. சுவிட்ச்

மெயின் இறக்கப்பட்டுத்தான் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டுச் சுவிட்சின் முகப்பைக் கழற்றுங்கள். வயரைக் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் இரண்டு சுவிட்ச் உள்ள பெட்டியைக் கழற்றிய நான், எந்த வயர் எதில் இருந்தது என்று தெரியாமல் இருட்டில் நின்றிருக்கிறேன்.

உள்ளே பார்க்க வேண்டியவை: கறுத்துப்போன இடம், தளர்ந்த திருகாணி, எறும்பு. எங்கள் குளியலறைச் சுவிட்சுக்குள் காய்ந்துபோன பல்லி ஒன்று இரண்டு முனையையும் தொட்டபடி கிடந்தது. சுவிட்சைப் போட்டும் அணைத்தும் மல்டிமீற்றரின் பீப்பைக் கேளுங்கள். போட்டால் சத்தம் வர வேண்டும், அணைத்தால் நிற்க வேண்டும். போட்ட நிலையில் விட்டு விட்டுக் கேட்டால் சுவிட்ச் போய்விட்டது.

ஒரு எச்சரிக்கை. சுவிட்ச் பெட்டிக்குள் கறுப்பு வயரைக் கண்டால் அதை நியூட்ரல் என்று முடிவு கட்டாதீர்கள். சுவிட்சிலிருந்து லைட்டுக்குத் திரும்பிப் போகும் லைவாகத்தான் அது பெரும்பாலும் இருக்கும். கையில் கிடைத்த வயரைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அதைப் போய் ஒரு நியூட்ரலோடு முறுக்கினால் சுவிட்சைப் போட்டதும் பிரேக்கர் "டப்" என்று விழும்.

சுவிட்சை அணைத்த பிறகும் எல்.ஈ.டி பல்ப் மின்மினி மாதிரி மங்கலாக எரிகிறதா? சுவிட்சில் சின்னச் சிவப்பு விளக்கு இருந்தால் காரணம் அதுதான், பயமில்லை. அது இல்லையென்றால் சுவிட்ச் நியூட்ரலில் போடப்பட்டிருக்கலாம். அதைத் திருத்திக்கொள்வது நல்லது.

7. நியூட்ரல்: டெஸ்டர் சொல்லும் பொய்

நான் ஏமாந்த இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

லைட் எரிய இரண்டு வழி வேண்டும். லைவில் வந்து பல்ப் வழியாக நியூட்ரலில் திரும்ப வேண்டும். நியூட்ரல் எங்கேயோ அறுந்திருக்கிறது என்று வையுங்கள். லைவ் வயரில் வந்த கரண்ட் பல்புக்குள் போய், திரும்ப வழியில்லாமல் நிற்கும். இப்போது டெஸ்டரை நியூட்ரல் பக்கத்தில் வைத்தாலும் அது எரியும், ஏனென்றால் பல்ப் வழியாகவோ அதே சேர்க்கிட்டில் போட்டிருக்கும் வேறொரு லைட் வழியாகவோ லைவ் அந்த வயருக்கு வந்துவிட்டது. பார்க்கிறவர் "இரண்டு பக்கமும் கரண்ட் வருதே" என்பார். இரண்டு பக்கமும் டெஸ்டர் எரிந்தால் அர்த்தம், நியூட்ரல் இல்லை என்பது. எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஐயா ஒருவர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுவிட்டு, வீட்டுக்குள் வராமலே, "தம்பி, நியூட்ரலைப் பாரும்" என்றார்.

டெஸ்டரை நம்பாமல் இதைச் செய்யுங்கள். இன்வேட்டர், மெயின் இரண்டும் அணைந்திருக்க வேண்டும். சரியாக எரிகிற ஒரு லைட்டின் பல்பையும் பிழையான லைட்டின் பல்பையும் கழற்றுங்கள். எட்டக்கூடிய நீளத்துக்கு ஒரு வயரை எடுத்து மல்டிமீற்றரின் ஒரு கம்பியோடு இணையுங்கள். நல்ல ஹோல்டரின் ஒரு முனையிலிருந்து பிழையான ஹோல்டரின் இரண்டு முனைக்கும் பீப் பாருங்கள், பிறகு மற்ற முனையிலிருந்தும் பாருங்கள். வீட்டு நியூட்ரல்கள் எல்லாம் மெயின் பெட்டியில் ஒரே பட்டியில் சேர்வதால், நியூட்ரல் அறாமல் இருந்தால் எங்காவது ஒரு சோடிக்குச் சத்தம் வந்தே ஆக வேண்டும். இரண்டு லைட்டும் ஒரே பிரேக்கரில், இரண்டு சுவிட்சும் போட்டபடி என்றால் லைவுக்கும் இன்னொரு சோடி சத்தம் தரும். ஒரே ஒரு சோடிதான் கேட்கிறது என்றால் சுவிட்சுகளை அணைத்துப் பாருங்கள். சத்தம் நின்றால் கேட்டது லைவ், காணாமல் போனது நியூட்ரல். சத்தம் நிற்காமல் தொடர்ந்து கேட்டால் கேட்டது நியூட்ரல், பிழை லைவ் பக்கத்தில்.

இனி நடுவில் எங்கே என்று பார்க்க வேண்டும். தாளில் வரைந்ததை எடுங்கள். கரண்ட் போகும் வழியில் நல்ல லைட்டுகளைத் தாண்டி, பிழையான லைட்டுகளுக்கெல்லாம் பொதுவாக இருக்கும் வயர் இணைப்புப் பெட்டி எதுவோ, அதைத் திறங்கள். எங்கள் வீட்டில் அது ஹோல் பேனுக்குப் பக்கத்தில், சீலிங் பலகைக்கு மேலே. டோர்ச் அடித்துப் பார்த்தேன். வெள்ளைக் கனெக்டர் ஒரு பக்கம் தேன் நிறமாக மாறியிருந்தது. அதற்குள்ளிருந்த நியூட்ரலில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. திருகாணி பாதிக்குச் செம்பிலும் பாதிக்கு இன்சுலேஷன் மேலும் இறுகியிருந்தது. ஓட்டில் ஒழுகிய ஒரு சொட்டுத் தண்ணீர் அந்தப் பலகையில் கறையாகக் காய்ந்து கிடந்தது. மழை நாளில் மட்டும் ஏன் மினுங்கியது என்பதற்கு அதுவே பதில்.

திருத்தும் முறை: களிம்பு பிடித்த நுனியை வெட்டி எறிந்து, பளபளக்கும் செம்பு தெரியும்வரை இன்சுலேஷனைச் சீவுங்கள். புதுக் கனெக்டருக்குள் செம்பு முழுதும் உள்ளே போக வேண்டும், வெளியே தெரியக் கூடாது. திருகாணி செம்பின் மேல் இறுக வேண்டும். ஒவ்வொரு வயரையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். வெறுமனே முறுக்கி டேப் சுற்றுவது இந்த ஊரில் இரண்டு மாரிக்குத் தாங்காது. கச்சான் காற்று வெக்கையில் பசை உருகும், வாடையில் ஈரம் ஏறும். ஓட்டின் ஒழுக்கையும் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வருடம் இதே பெட்டியைத் திறப்பீர்கள்.

8. ட்ரிப் சுவிட்ச் விழுந்தால்

லைட் பிரேக்கர் விழுந்தால் லைவும் நியூட்ரலும் எங்கேயோ முட்டுகின்றன, அல்லது பாரம் கூடிவிட்டது. லைட் பிரேக்கர் வழமையாக 6 அம்பியர். அது அடிக்கடி விழுகிறது என்று 16 அம்பியர் வாங்கிப் போடச் சொல்வார்கள். போடாதீர்கள். வயர் சூடாகும், பிரேக்கர் விழாது, அவ்வளவுதான்.

ட்ரிப் சுவிட்ச் விழுவது வேறு கதை. 30 மில்லி அம்பியர் அளவு கரண்ட் ஏர்த்துக்கோ சுவருக்கோ கசிந்தாலே அது விழும். மழையில் மட்டும் விழுந்தால் கேற் லைட், வெளிச்சுவர் லைட், குளியலறை லைட் மூன்றையும் முதலில் சந்தேகியுங்கள். மெயினை இறக்கிவிட்டு வெளி லைட்டின் கவரைக் கழற்றினால் பாதிக்குத் தண்ணீர் நிற்கும். காய வைத்து, வயர் கீழிருந்து மேலே ஏறும்படி வளைத்து, கவரின் மேற்பக்கமும் இரு ஓரங்களும் சிலிக்கன் பூசுங்கள். அடிப்பக்கத்தை விட்டுவிடுங்கள், உள்ளே போகும் நீர் வெளியேற வழி வேண்டும்.

எல்லா பிரேக்கரையும் இறக்கி ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்ப்பது சரியான முறைதான். ஆனால் எல்லா பிரேக்கரும் இறங்கியிருந்தும் ட்ரிப் விழுந்தால் குழம்ப வேண்டாம். சாதாரண பிரேக்கர் லைவை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் எங்கேயோ ஏர்த்தோடு முட்டியிருந்தால் பிரேக்கர் இறங்கியும் பயனில்லை. அதைப் பிரித்துத் தேட மெயின் பெட்டியைத் திறக்க வேண்டும், அங்கே நீங்கள் நிறுத்திவிடுங்கள். ட்ரிப் சுவிட்சை நேராக இணைத்து "இப்போதைக்குச் சமாளிப்போம்" என்று யாராவது சொன்னால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

9. ஆளைக் கூப்பிடும் நேரம்

எரிந்த மணம், சுவருக்குள் சீறும் சத்தம், சுவரைத் தொட்டால் கூச்சம், மெயின் பெட்டிக்குள் வேலை, புது வயர் இழுப்பது. இவற்றில் எதையும் நீங்களே செய்ய வேண்டாம்.

வருகிறவரிடம் மூன்று விடயம் கேளுங்கள். என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் உண்டா? பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் உண்டா? பிழையைத் தேட எவ்வளவு, திருத்த எவ்வளவு? கடைசிக் கேள்விதான் காசைக் காப்பாற்றும். எனக்கு வந்த முதலாமவர் 1,500 எடுத்தார், பிழையைத் தேடவேயில்லை. பிறகு ஒரு வெளிச்சுவர் வேலைக்கு வந்தவரிடம் வரைந்த தாளையும் போன் படங்களையும் கொடுத்தேன். ஒன்றரை மணித்தியாலத்தில் முடித்து, பொருள் நீங்கலாக 2,500 வாங்கினார். சாமானை நீங்களே வாங்கி ரசீதை வைத்திருங்கள். பிரேக்கருக்கும் ட்ரிப் சுவிட்சுக்கும் உத்தரவாதம் இருக்கும், ரசீது இல்லாமல் கடைக்காரர் முகம் கொடுக்க மாட்டார்.

வேலைக்குச் சரியான காலம் ஆவணி, புரட்டாசி. சீலிங்குக்கு மேலே எல்லாம் காய்ந்து கிடக்கும், ஆள் பிடிப்பதும் இலகு. ஐப்பசி மழை இறங்கிவிட்டால் எல்லார் வீட்டு ட்ரிப் சுவிட்சும் ஒரே கிழமையில் விழும், எலக்ட்ரீசியன் போன் எடுக்க மாட்டார். நாளில் என்றால் காலை ஒன்பது மணி. மாலை ஐந்துக்குத் தொடங்கி, பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இருட்டில் மாமியிடம் பேச்சு வாங்கிய அனுபவம் எனக்குண்டு.